போல்ட்டுக்குள் இருந்த கிரீஸ்

அம்ப்ரோஸ் லாலிபெர்ட்டே பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்தவர். முப்பத்தெட்டு ஆண்டுகள் வடக்கு சஸ்காச்சுவான் ஏரிகளில் மூஸ் மான் வேட்டைக்குப் போனார். கறியில் பாதி ஊருக்குப் போய்விடும். அவருடையது பழைய ரஷ்யத் துப்பாக்கி. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டுக்குள், அதைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிசுக்கு ஏறினால் ஊசி முன்னால் ஒட்டிக்கொள்ளும். போல்ட் மூடியதும், விசையைத் தொடாமலே வெடிக்கும். ஆகவே புறப்படும் முன் போல்ட்டைக் கழற்றிக் காதோரம் ஆட்டுவார். ஊசி ஆடும் சத்தம் கேட்க வேண்டும். தோட்டா போடுவது கரையில் மட்டும், குழாயைப் பாசித் தரைக்கு நீட்டி.

"அதுகிட்ட என்னய்யா ரகசியம் கேக்குற?" என்பார் மச்சினன் ஹோரஸ்.

"உங்கக்காவை விட இது கம்மியாத்தான் பேசுது."

அக்டோபரில் ஒரு குளிர்ந்த காலை, இருவரும் ஏரியில் படகில் இருக்கும்போதே கரையில் மூஸ் தெரிந்தது. அம்ப்ரோஸ் படகிலேயே தோட்டா போட்டார். கீழே நீட்டினால் படகு ஓட்டையாகும் என்று குழாயை மேலே நிமிர்த்தினார். அதன் வாய் அவர் தாடையருகே இருந்தது. பின்னுக்கு இழுத்திருந்த போல்ட்டை விட்டார். வெடித்தது.

மகள் டெல்ஃபின் விமான எஞ்சின் மெக்கானிக். போலீசார் திருப்பித் தந்த துப்பாக்கியைப் பிரித்தாள். ஊசி அசையவில்லை. தள்ளி எடுத்தபோது அடர்நீல கிரீஸ் வந்தது. ஆகஸ்டில், துருப்பிடிக்கிறதே என்று அவள் நிரப்பியது. அப்பா போல்ட்டை ஆட்டுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள்தான். ஏன் என்று கேட்டதில்லை.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து ஹோரஸ் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் கொன்றேன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பேசாமல் இருந்தால் பழி அவரோடு போய்விடும். டெல்ஃபின் போல்ட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள்.

"மாமா, இது நான் போட்ட கிரீஸ். ஊசி சிக்கியிருந்துச்சு. உங்க மேல தப்பில்ல."

"மூஸ் போயிடும், சீக்கிரம் போடுய்யான்னு கத்தினது யாரு?"

"கரையில போட்டிருந்தாலும் வெடிச்சிருக்கும்."

"வெடிச்சிருந்தா பாசியில ஒரு ஓட்டை. அவ்வளவுதான், பொண்ணே."

அவள் போல்ட்டை மேசைமேல் வைத்தாள்.

"கெளம்பறப்ப கேட்டேன், இன்னிக்கு ஆட்டிப் பாக்கலியான்னு," என்றார் ஹோரஸ். "'என் மக பிளேனையே பறக்க விடுறா. அவ கை பட்டதை நான் தெறந்து பாக்கணுமா?'ன்னான். அவ்ளோ பெருமை அவனுக்கு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

டெல்ஃபின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க மாமா. படகுல வேற என்ன பேசினாரு?"