என் கெண்டைக்காலில் குடியிருந்த புழு

என் கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு கிடந்ததை நரம்புச் சிலந்திப் புழு என்றே நம்பினேன். ஊரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ராமநாதபுரத்துக்காரனுக்கு அந்தப் புழுவின் பயம் கப்பலேறினாலும் விடாது. பினாங்குக்கு வந்து குழாய்த் தண்ணீர் குடித்துப் பல வருஷமாகியும், அது எனக்குள் பொறுமையாகக் காத்திருந்ததாக முடிவு கட்டினேன். தலை நீட்டினால் சுற்றி இழுக்கக் கையில் தீக்குச்சி. தண்ணீர் பட்டால்தான் புழு வெளியே வருமென்று கால் வாளித் தண்ணீரில். கடை விட்டு வந்ததும் இதுதான் வேலை.

ஜெலுத்தோங் பகுதியில் எங்கள் வீட்டில் அப்போது என் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். நாற்பது நாள் கழியாமல் நடமாடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பாயில் கிடந்தபடியே கேட்பாள்:

"ஏங்க, உங்க புழு இன்னிக்காச்சும் எட்டிப் பாத்துச்சா?"

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போடும் டிரெசர் காலை அழுத்திப் பார்த்தார்.

"புழுவும் இல்ல, பூச்சியும் இல்லலா அண்ணே. ரத்தக் குழாய். நாள் பூரா துணிக்கடையில நிக்கிறீங்க. மேல ஏற வேண்டிய ரத்தம் கீழயே தங்கிப்போச்சு."

குழாய்க்குள் குட்டிக் குட்டிக் கதவுகள் உண்டாம், மேல்நோக்கி மட்டும் திறக்குமாம். என்னுடையவை பழுதாம். துணியை இறுகச் சுற்றி அனுப்பினார். தூக்குமேடையிலிருந்து இறங்கியவன் மாதிரி வீட்டுக்கு வந்து, டிரெசர் சொன்னதை நடித்தும் காட்டினேன். அவள் சிரித்து ஓய்ந்த பிறகு மெல்லச் சொன்னாள்:

"எனக்கும் இடது காலு கனக்குதுங்க."

"உனக்கும் கதவு கெட்டுப்போச்சா?" என்று விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். நீலமும் இல்லை, சுருளும் இல்லை. தொடைவரை வெளுத்து, பளபளவென்று வீங்கியிருந்தது. பேறு முடிந்தவளுக்குக் காலில் நீர் இறங்குவது சகஜம் என்றார்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். மறுநாள் மலாய் மருத்துவச்சி வந்து, வழக்கம்போல் எண்ணெய் காய்ச்சி, கணுக்காலிலிருந்து மேலே உருவிவிட்டாள். என் மனைவி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் என் கதவுக் கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை பிள்ளையை எடுக்க எழுந்தவள், மூச்சு வரவில்லை என்று சுவரைப் பிடித்தாள். மயக்கமென்று நினைத்துத் தண்ணீருக்கு ஓடினேன். செம்போடு திரும்பியபோது அவள் உயிரோடு இல்லை.

டாக்டர் பிறகு சொன்னார். காலில் சதைக்கு அடியில் ஓடும் பெரிய குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. உருவிவிட்டதில் அந்தக் கட்டி பெயர்ந்து மேலேறி நுரையீரலை அடைத்துவிட்டது.