இரவல் நகையோடு வழக்குக்குப் போனவள்

சுபாஜினிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. குவைத்துக்குப் போகாமல், பெற்ற பிள்ளையைக் கண் முன்னால் வைத்து வளர்க்க வேண்டும். இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்பவர்கள் ஹாலி எலைப் பக்கம் வந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு ஒரு தாய் அரபு நாட்டில் இருக்கிறாள். சுபாஜினியின் தாய் போனபோது இவளுக்கு நான்கு வயது. கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நான் அப்போதுதான் ஆயாவாகச் சேர்ந்திருந்தேன். மற்றப் பிள்ளைகளைச் சாயங்காலம் தாய்மார் வந்து தூக்கிப் போவார்கள். இவள் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தத் தாய் திரும்பி வரவே இல்லை. அதனால்தான் தனக்கொரு மகள் பிறந்த அன்றைக்கே என்னிடம் சொன்னாள்.

"ஆயாக்கா, கல்லு ஒடச்சாவது கஞ்சி ஊத்துவேன். இவள விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்."

பிள்ளைக்கு துஷாந்தினி என்று பெயர் வைத்தது தகப்பன் அஜந்தன். ஆமிக்காரன். தோட்டத்துத் தமிழ்ப் பையன் எப்படி ஆமிக்குப் போனான் என்று கேட்கலாம். அவனுக்குச் சொந்த ஊர் கொஸ்லந்தப் பக்கம். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது இவனும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆமிக்காரர்களோடு சேர்ந்து சேற்றைக் கிண்டினான். அவனுடைய பெரியம்மா குடும்பமே அதற்குள் கிடந்தது. அவன் அசராமல் வேலை செய்ததைப் பார்த்த ஒரு அதிகாரி, ஆள் சேர்க்கும் இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். போனான், சேர்ந்துவிட்டான். அன்றைய அஜந்தனைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மண்ணுக்குள்ளிருந்து மனிதர்களை எடுத்தவன்தான், பிற்பாடு ஒருத்தியை உயிரோடு மண் போட்டு மூடினான். இரண்டும் ஒரே கைதான்.

கல்யாணம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் நடந்தது, பதிவும் செய்தார்கள். அவன் லீவில் வருவான், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு திரிவான். பிறகு ஐ.நா. படையோடு லெபனானுக்குப் போனான். டொலரில் சம்பளம் என்று தோட்டமே பேசிக்கொண்டது. லயத்துக்குத் தகரம் மாற்றலாம் என்று சுபாஜினி கணக்குப் போட்டாள். டொலர் வந்தது, மொனராகலைக்கு வந்தது. அங்கே ஒருத்தியோடு பழக்கம், அவளுக்கென்று ஓடு போட்ட வீடு. திரும்பி வந்தவன் லயத்துப் பக்கம் தலை காட்டாமல் விவாகரத்துக்கு வழக்குப் போட்டான். சிங்களத்தில் வந்த கடதாசிகளில் காட்டிய இடத்தில் எல்லாம் சுபாஜினி கையெழுத்து வைத்தாள். அந்த வழக்கு முடிந்தது.

அடுத்தது தாபரிப்பு வழக்கு, பிள்ளையின் செலவுக்குத் தகப்பனிடம் மாதாமாதம் பணம் கேட்பது. அதைச் சுபாஜினிதான் போட்டாள். இலவச சட்ட உதவியில் கிடைத்த சட்டத்தரணி அம்மா நல்ல மனுஷி. "இருபதாயிரம் கேப்போம். பதினஞ்சு நிச்சயம் வரும். ஆமிச் சம்பளம், அவங்க ஒபிஸ்லயே வெட்டி அனுப்பிடுவாங்க" என்றார். பதினைந்தாயிரமும் தன் நாட்சம்பளமும் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று சுபாஜினி நம்பினாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சிக்காரன் அதற்குள் இரண்டு முறை லயத்துக்கு வந்து போயிருந்தான். அவனுக்குத் தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினாள்.

விசாரணைக்குப் போகிற அன்று காலையில் எங்கள் லயத்துப் பெண்கள் அவளைச் சோடித்தார்கள். இது எங்களுக்குள் உள்ள வழக்கம். பெண் பார்க்க வந்தாலும் சரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, துரை பங்களாவுக்குப் போனாலும் சரி, எங்கள் லயத்துப் பெண் வெறுங்கழுத்தோடு போகமாட்டாள். உள்ளவர்கள் கழற்றிக் கொடுப்பார்கள். தோட்டத்துக்காரி என்று எவனும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாதே. அடுத்த வீட்டு விஜயலெட்சுமி தன் இரட்டை வடச் சங்கிலியைக் கொடுத்தாள். ஒருத்தி தோடு, இன்னொருத்தி இரண்டு காப்பு. இந்த வழக்கத்துக்கு ஒரு சட்டமும் உண்டு, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. போட்டுக்கொண்டவள் வெளியாட்கள் முன்னால் அது இரவல் என்று சொல்லக் கூடாது. கொடுத்தவளும் சொல்லக் கூடாது. சொன்னால் இரண்டு பேருக்கும் மானம் போன மாதிரி. அப்படிச் சொல்லிக் கெட்ட பெயர் எடுத்த ஒருத்திக்குப் பிறகு யாரும் ஒரு ஊசிகூடக் கொடுத்ததில்லை.

பஸ்ஸில் நான், விஜயலெட்சுமி, சுபாஜினி மூவரும் போனோம். துஷாந்தினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

நீதிமன்றத்தில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது. ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்று எங்களுக்குச் சொன்னார். முதலில் அஜந்தனின் சம்பளச் சீட்டை எடுத்தார்கள். அடிப்படைச் சம்பளம், படிகள் என்று கூட்டும்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு கழிக்கத் தொடங்கினார்கள். வீட்டுக் கடன், மோட்டார் சைக்கிள் கடன், அவசரக் கடன். போதாக்குறைக்கு விதவைகள் அநாதைகள் நிதிக்கும் மாதாமாதம் வெட்டுகிறார்களாம். எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கக் காசில்லாதவன், தான் செத்த பிறகு வரப்போகும் அநாதைக்குச் சேர்த்து வைக்கிறான்!

"லெபனான்ல வாங்கின பணம்?" என்று எங்கள் சட்டத்தரணி அம்மா கேட்டார்.

அது முடிந்துபோன வருமானம், இன்றைக்கு அவருக்கு அது இல்லை என்று அஜந்தனின் சட்டத்தரணி பதில் சொன்னார். அந்தப் பணத்தில் எழும்பிய வீடு மொனராகலையில் நிற்கிறது. ஆனால் வீடு வருமானம் இல்லையாம், செலவாம். அந்த வீட்டின் மேல் எடுத்த கடன்தான் சம்பளச் சீட்டில் முதல் கழிப்பாக இருந்தது.

பிறகு சுபாஜினியைக் கூண்டில் ஏற்றி அவள் கணக்கை எடுத்தார்கள். தோட்டக் காரியாலயத்துக் கடிதத்தில் நாட்சம்பளம் இவ்வளவு, மாதத்துக்கு இத்தனை நாள் வேலை கொடுக்கிறோம் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கிச் சொன்னார்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்கள் அதில் இல்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம் தருவது அதில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாத நாளும் இல்லை. அவன் சம்பளத்தைக் கழித்துக் கழித்துச் சுருக்கினார்கள், இவள் சம்பளத்தைப் பெருக்கிப் பெருக்கி ஊத வைத்தார்கள். இருந்தாலும் எங்கள் சட்டத்தரணி அம்மா எழும்பி அரைப்பேர் பற்றி விளக்கினார். நீதவான் குறித்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார். பத்தாயிரத்துக்குக் குறையாது என்று சட்டத்தரணி அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

அப்போதுதான் அஜந்தன் முன்னால் குனிந்து தன் சட்டத்தரணியின் காதில் ஏதோ சொன்னான். அவர் எழும்பி, சுபாஜினியைக் கூண்டிலேயே நிற்கச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"நீங்க போட்டிருக்கிற சங்கிலி, காப்பு, தோடு எல்லாம் உங்களுடையதா?"

அந்தக் கேள்வியைக் கொழும்பில் படித்த எந்தச் சட்டத்தரணிக்கும் கேட்கத் தெரியாது. லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, தன் கல்யாணத்தன்று அக்காமார் கழற்றிக் கொடுத்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டு நின்றவனுக்குத்தான் தெரியும். அவளால் இல்லை என்று சொல்ல முடியாது என்பதும் அவனுக்குத்தான் தெரியும். அதுவும் சங்கிலிக்காரி விஜயலெட்சுமி பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது, விவாகரத்து முடிந்ததும் அவன் கட்டிக்கொண்ட மொனராகலைக்காரி பளபளவென்று சொந்த நகையோடு அவன் பக்கத்தில் இருக்கும்போது.

சுபாஜினி எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"ஆமாங்க. என்னோடதுதான்."

எங்கள் சட்டத்தரணி அம்மா கையிலிருந்த பேனாவை மேசையில் போட்டார். கடனில் தவிக்கிற தகப்பன், கழுத்து நிறையப் போட்டிருக்கிற தாய். அதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைக்கு மாதம் ஐயாயிரம் என்று கட்டளை போட்டார்கள். மற்றதைத் தாய் பார்த்துக்கொள்ள வசதி உண்டு என்றார்கள்.

வெளியே படிக்கட்டில் அஜந்தன் நின்றான். எங்களைப் பார்த்து ஒளியவில்லை. நல்ல மாதிரியாகவே பேசினான்.

"சுபா, நகையப் பத்தரமா திருப்பிக் குடுத்துரு. பஸ்ல சனம், அறுத்துறப் போறானுங்க."

எனக்குக் காலில் இருப்பதைக் கழற்றலாம் போல வந்தது. விஜயலெட்சுமிதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய் மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

பஸ்ஸில் விஜயலெட்சுமி அழுதாள். அழ வேண்டியவள் அழவில்லை.

"ஏன்டி, எரவல்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி. நான் என்ன உன்னையக் கொன்னா போட்டுருவேன்?"

"நீங்க பின்னால இருந்தீங்கக்கா."

"நான் வராம இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

சுபாஜினி "மாட்டேன்க்கா" என்றாள். காப்புகளைக் கழற்றிச் சீலைத் துண்டில் முடிந்து என் மடியில் வைத்தாள்.

ஐயாயிரத்தில் அரிசி வாங்கினால் பள்ளிக்கூடக் கொப்பி இல்லை, கொப்பி வாங்கினால் பஸ்ஸுக்கு இல்லை. ஒரு வருடம் மல்லுக்கட்டினாள். கொழுந்துக்குப் போய் வந்து மரக்கறித் தோட்டத்துக்கும் கூலிக்குப் போனாள். அட்டை கடித்த கால் புண்ணாகி ஒரு மாதம் படுத்தாள், சம்பளமும் படுத்தது. ஏஜென்சிக்காரன் மூன்றாவது முறை வந்தான். இந்த முறை தேநீர் கொடுத்தாள்.

பிள்ளையைத் தன் அண்ணன் கணபதியிடம் விட்டுப் போனாள். போகிற அன்றைக்குத் துஷாந்தினி அழவே இல்லை. "எத்தன நாள்ல வருவ?" என்று மட்டும் கேட்டாள். சுபாஜினி பொய் சொல்லத் தெரியாமல் ஏஜென்சிக்காரனிடம் வேனை எடுக்கச் சொன்னாள். நான் அந்த மண் ரோட்டில் நின்று கண்ணால் பார்த்தவள். பெற்றவளும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

அவள் போய் ஆறு மாதம் ஆவதற்குள் அஜந்தன் அதே நீதிமன்றத்துக்குப் போனான். தாய் நாட்டில் இல்லை, பிள்ளை மாமன் வீட்டு மூலையில் கிடக்கிறது, தகப்பனுக்கு வீடு இருக்கிறது, வீட்டில் பெண் இருக்கிறாள் என்று சொன்னான். அத்தனையும் உண்மை. பிள்ளையை அவனிடம் ஒப்படைத்தார்கள். கணபதி எதிர்த்து வழக்காடவில்லை, அவனுக்கும் மூன்று பிள்ளைகள். வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாகத் துஷாந்தினி மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மொனராகலைக்குப் போனாள்.

அதோடும் விட்டானா? ஐயாயிரத்தை நிறுத்தியது மட்டுமில்லை. தாபரிப்பு தகப்பனுக்கு மட்டும் உள்ள கடமை இல்லை, வசதியுள்ள எந்தப் பெற்றோருக்கும் உண்டு என்று சட்டத்தில் இருக்கிறதாம். குவைத் தினாரை ரூபாயாக மாற்றிக் கணக்குக் காட்டினான். இவனுடைய கடன்கள் கழிந்த சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அவள் பணக்காரி. தாய் மாதாமாதம் தகப்பனுக்குக் கட்ட வேண்டும் என்று முடிந்தது. எவ்வளவு தெரியுமா? இருபதாயிரம். அவள் கேட்டுக் கிடைக்காத தொகை, அவனுக்குக் கேட்டவுடன் கிடைத்தது.

சுபாஜினி கட்டுகிறாள். ஒரு மாதமும் தவறவில்லை. கட்டத் தவறினால் பிள்ளையோடு பேச விடமாட்டான் என்ற பயம். கிழமைக்கு ஒரு தடவை அவன் போனில்தான் துஷாந்தினி பேசுவாள், அதுவும் அவனுக்கு மனமிருந்தால்.

போன வெள்ளிக்கிழமை சுபாஜினி எனக்கு இமோ வீடியோவில் கூப்பிட்டாள். ஒரு சமையலறைச் சுவரும் அவள் முகமும் தெரிந்தன. மெலிந்திருந்தாள்.

"நேத்து மகளோட பேசினேன் ஆயாக்கா."

"நல்லாருக்காளா?"

"வளந்துட்டா. புதுச் சப்பாத்து காட்டினா. அப்பா வாங்கிக் குடுத்தாராம்." போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். "அப்புறம் கேட்டா, 'அம்மா, நீ எனக்கு ஒரு சதமும் அனுப்புறது இல்லையாமே. என்னைய வேணாம்னுதான் போனியாமே. நெசமா?'ன்னு."

"இருபதாயிரத்தையும் எடுத்துச் சொன்னியா இல்லையாடி?"

"அவரு பக்கத்துல இருந்தாரு, ஆயாக்கா. ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டிருந்தாரு. நான் எதுவும் சொன்னா போன் கட்டாயிரும், அடுத்த கிழமையும் இல்லாமப் போயிரும்."

"அப்ப என்னதான் சொன்ன?"

"நெசம்தான்டி தங்கம், அப்பா பேச்சக் கேட்டு நடன்னு சொன்னேன். இன்னும் அஞ்சு நிமிஷம் பேச விட்டாரு."

உள்ளேயிருந்து யாரோ அரபியில் சத்தம் போட்டார்கள். மேடம் கூப்பிடுகிறாள், சோறு வைக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.