ஏழாம் மாதத்தில் திறந்த ஃபோர்க்

பீ-யூனுக்குக் கழுத்தே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். பிறக்கும்போது இருந்ததாம், கேஸ் சிலிண்டர்கள் அழுத்தி அழுத்தித் தோளுக்குள் இறக்கிவிட்டனவாம். தங்கச் சுரங்கம் மூடிப்போன அந்த மலையில், படியும் சந்துமாகக் கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கும் வீடுகளில் அடுப்பு எரிவது அவளால்தான். லாரி நுழையாத சந்துகள். உச்சியில் லியாவ் அக்காவின் கேஸ் கடை, அடியில் கோயில். நடுவில் பீ-யூனும், பின்பக்கம் இரண்டு சிலிண்டர் கட்டிய அவளுடைய கிழட்டு பைக்கும். அவள் இறங்கி வரும் சத்தம் கேட்டால் பூனைகள் சுவரேறிவிடும். ஏறாமல் நின்ற ஒரு பூனைக்கு மீசை இரண்டும் ஒரே பக்கமாகத் திரும்பிவிட்டது. ஊரே பார்த்த பூனை அது.

அந்த பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களுக்குள் ஸ்ப்ரிங் தளர்ந்துபோயிருந்தது. பிரேக்கைத் தொட்டால் போதும், சாமி முன்னால் விழுகிறவனைப் போல வண்டி மூக்கைத் தரையில் குத்தும். ஒருநாள் அப்படிக் குத்தியதில் சிலிண்டர் ஒன்று கழன்று, சந்து முழுக்க உருண்டு, மீன் கடைக்குள் போய்த்தான் நின்றது.

லியாவ் அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "இன்னொரு தரம் உருண்டுச்சுன்னா வண்டிச் சாவிய மேசையில வெச்சுட்டுப் போயிடு, பீ-யூன். உன்மேல கோவம் இல்ல. கீழ ஆளுங்க குடியிருக்காங்க" என்றாள்.

வேறு வேலை பீ-யூனுக்குத் தெரியாது. அவளை வேறு வேலைக்கு எடுக்கவும் ஆளில்லை.

கீலுங் துறைமுகத்திலிருந்து தடித்த கம்பியில் சுற்றிய புது ஸ்ப்ரிங் ஜோடி வந்து சேர்ந்தது ஆறாம் மாதத்தின் கடைசி நாளில். மெக்கானிக் தியென்ஃபா எஞ்சினுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பழசை உருவிப் புதுசை இறக்கினான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"ஸ்ப்ரிங் முறுக்கா இருக்கு. இதுக்குக் கெட்டி ஆயில் ஊத்தணும். உள்ள இருக்கறது வெறும் தண்ணி. கெட்டி ஆயில் நாளைக்குத்தான் வருது."

"நாளைக்கு என்ன மாசம்ணே?"

தியென்ஃபா சுவரில் தொங்கிய சந்திர நாட்காட்டியைப் பார்த்தான். ஏழாம் மாதம் பிறந்தால் செத்தவர்கள் உலகத்தின் கதவு திறந்து, பசித்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். அவர்களை 'நல்ல சகோதரர்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு பெயரை வாயில் எடுக்கக் கூடாது. அந்த மாதம் போகும்வரை ஊரில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். தியென்ஃபா வண்டியைப் பிரிக்கவே மாட்டான். அவனுடைய மாமா ஒரு ஏழாம் மாதத்தில் ஸ்பார்க் பிளக் ஒன்றை மாற்றினார். அந்த வண்டி தானாகவே கிளம்பிக் கடலில் குதித்தது. பனி இறங்கும் நாட்களில் இன்றைக்கும் தண்ணீருக்கடியில் ஹாரன் கேட்கிறது.

"மூடுங்கண்ணே. ஆயில அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் பீ-யூன். அப்புறம் என்றால் எப்போது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளே தெரிந்துவிட்டது. வண்டி இப்போது மூக்கைக் குத்தவில்லை, எகிறியது. அமுங்கிய ஸ்ப்ரிங்கை மெல்ல மேலே விடவேண்டியது ஆயிலின் வேலை. தண்ணீராகிப்போன ஆயில் அதைப் பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு படிக்கல்லிலும் ஹேண்டில் முகத்துக்கு நேரே பாய்ந்தது. பின்னால் பாரம் வேறு. முன்சக்கரம் தரையை விட்டுவிட்டு வந்தது. பதினான்கு நாளும் அவள் ஒற்றைச் சிலிண்டரோடு, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி இறங்கினாள். செருப்பு தேய்ந்து காகிதமானது.

பதினைந்தாம் நாள் கோயிலில் பெரும் படையல். பன்றியும் வாத்தும் வேகும் அண்டாக்கள் வரிசையாக நின்றன. உச்சிப்பொழுதுக்குள் சகோதரர்களுக்குச் சோறு போட்டாக வேண்டும். ஒற்றைச் சிலிண்டராக இறக்கினால் ஆகிற காரியமில்லை. பீ-யூன் இரண்டைக் கட்டினாள்.

சுவர் இடிந்த வளைவு வரைக்கும் ஒழுங்காக வந்தாள். அங்கே மழை ஈரத்தில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. சக்கரம் அந்தக் குழியில் இறங்கியது, உடனே எகிறியது. பிரேக் இருந்தது, அது பிடிக்கத் தரை இல்லை. கண்ணுக்கு முன்னால் வானம் வந்தது, பிறகு கடல், அதற்குக் கீழே யார் வீட்டுக் கூரையோ. அந்த வீட்டு முற்றத்தில் ஒரு கிழவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பீ-யூன் உடம்பு முழுவதையும் ஹேண்டில்மேல் எறிந்தாள். சக்கரம் தரையைத் தொட்டு, வழுக்கி, அவள் முழங்கையைப் பாசி படிந்த சுவரில் தேய்த்து, பள்ளத்தின் விளிம்பில் ஒரு விரற்கடை மிச்சம் வைத்து நின்றது.

பின்னால் கயிறு முனகியது. அறுந்தால் சிலிண்டர் நேரே அந்தக் கிழவியின் தலைமேல். பீ-யூன் திரும்பிப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

சிலிண்டர்களை அவிழ்த்து வளைவுக்கு மேலே சுவரோரம் வைத்துவிட்டு, காலி வண்டியைத் தியென்ஃபாவின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இன்னிக்கா? பதினஞ்சாம் நாளா? உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?" தியென்ஃபா ஷட்டரை இறக்கப் போனான்.

"அண்ணே, சோறு வேகலைன்னா இன்னிக்கு அத்தன பேரும் பட்டினி. ஏன் வேகலன்னு கேப்பாங்க. நான் உங்க கடைக்கு வழி சொல்வேன்."

ஷட்டர் பாதியில் நின்றது.

"பாகம் மாத்தக் கூடாதும்மா."

"யாரு மாத்தச் சொன்னா? ஆயில் பாகமா? அது வண்டிக்குச் சாப்பாடு. இந்த மாசம் பசிச்ச வாய்க்கு ஊத்தறது தப்பா?"

தியென்ஃபா ஷட்டரை மறுபடி மேலே தள்ளினான். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் பிஸ்கட், வாழைப்பழம், பீர் டப்பா எடுத்து வந்து கடைக்குள்ளேயே எதிர்மூலையில் வைத்து, ஊதுபத்தி ஏற்றினான். "அவங்க கண்ணு அந்தப் பக்கம் இருக்கட்டும்" என்று முணுமுணுத்தான். கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கினான். அடியில் திருகாணியைக் கழற்றியதும் சாம்பல் நிறத் தண்ணீர் கொட்டியது. மேல்மூடியைத் திறந்ததும் ஸ்ப்ரிங் துள்ளித் தலை நீட்டியது. தியென்ஃபா 'ஐயோ' என்று பின்வாங்கினான். கெட்டி ஆயிலை இரண்டு பக்கமும் சமமாக அளந்து ஊற்றினான், கண்ணை மட்டும் பிஸ்கட் தட்டிலேயே வைத்துக்கொண்டு.

"மூடியை நான் அழுத்த மாட்டேன். ஸ்ப்ரிங்கைத் தொடணும்."

"நவுருங்க, நான் தொடறேன். இப்பத்தான் என்னைப் பக்கத்துல வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. புதுசா அறிமுகம் வேணாம்."

இரண்டு சிலிண்டரையும் மறுபடி கட்டி, பிரேக்கிலிருந்து கையை எடுக்காமல் அதே வளைவுக்கு வந்தாள். கல் பெயர்ந்த குழி அப்படியேதான் இருந்தது. சக்கரம் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு எகிறலுக்காகக் காத்திருந்தாள். சாப்பிட்டு எழுந்த மனிதன் நிமிர்வதைப் போல, வண்டி மெல்ல நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

கொடியோரக் கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?"

"கோயில்ல கேக்கும், போங்க" என்றாள் பீ-யூன்.

கோயில் வாசலில் லியாவ் அக்கா நின்றிருந்தாள். சிலிண்டர்களைப் பார்த்தாள், பீ-யூனின் முழங்கையில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தாள், மேலே வளைவைப் பார்த்தாள். முதல் அண்டாவின் அடியில் நெருப்பு குப்பென்று பிடித்ததும், "மேல இன்னும் சிலிண்டர் இருக்கு. சாவி உன்கிட்டதான?" என்றாள்.