நைனா கையால ஒரு பாகம்

இத்த எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். எட்டாங்கிளாஸோட பேனாவ மூடி வெச்சவன் நான். ரெண்டு வரி எழுதினேன், போர் அடிச்சிது, அந்தப் பேப்பர்லயே கருவாட்ட மடிச்சிட்டேன். அம்மா பிரிச்சிப் படிச்சிட்டு, "மீதி எங்கடா?"ன்னுச்சு. மாட்டிக்கினேன்.

எங்க நைனா நல்ல ஒசரம். கை அதவிட நீளம். நின்னுக்கினே முட்டிய சொறிவாரு. லைட்ஹவுஸ் குப்பத்துல கயிறு அளக்க டேப்பெல்லாம் கெடையாது. ரெண்டு கையையும் விரிச்சா அது ஒரு பாகம், அவ்ளோதான். அதனால கயிறு வாங்கப் போறவன் எல்லாம் எங்க நைனாவ இட்டுக்கினு போவான். அவரு பத்து பாகம் அளந்தா ஒரு பாகம் சும்மா வரும். கடைக்காரரு அவரு தலையப் பாத்தாலே, "அண்ணே, நீ வெளியவே நில்லு"ம்பாரு.

எனக்கும் அதே கை. ஏரித் தண்ணில கைய வுட்டு எறா தடவிப் புடிக்கறதுக்குன்னே பொறந்த கைன்னு ஊரே சொல்லும். நான் அத்த வெச்சி பக்கத்து வூட்டு முருங்கக்காதான் பறிச்சேன்.

வேலைக்கும் போவேன். கூட்டாளி ஒருத்தன், நானும் அவனும் ஒரே ஃபைபர் படகுல கடலுக்குப் போவோம். கரைக்கு வந்ததும் எஞ்சினக் கழட்டி, கழில கட்டி, ரெண்டு பேரும் தோள்ல தூக்கிக்கினு வூட்டுக்குப் போவணும். கரெக்டா அந்த நேரத்துக்குத்தான் எனக்கு ஃபோன் வரும்.

போன வருஷம் ஸ்கூல்ல கண்ணு கேம்ப் போட்டாங்க. கண்ணாடி தருவாங்கன்னு நைனா போனாரு. டாக்டரம்மா லைட் அடிச்சிப் பாத்துட்டு, கண்ணுக்குள்ள லென்ஸு எடம் மாறி நிக்குதுன்னாங்க. அப்புறம்தான் கையப் பாத்தாங்க.

"ரெண்டு கையையும் விரிங்கய்யா."

நைனா குஷியாயிட்டாரு. மூச்ச இழுத்து, நெஞ்ச நிமித்தி, கடைக்காரரு முன்னாடி விரிக்கிற மாதிரி விரல் நுனி வரைக்கும் விரிச்சாரு. அவங்க டேப்பு வெச்சி அளந்தாங்க. ஒசரத்தவிட கை அரை அடி கூட.

"நம்ம பாகம் எப்பவும் கூடத்தாம்மா வரும்"னாரு, பெருமையா.

அவங்க சிரிக்கல. இருதயத்த ஒடனே ஸ்கேன் பண்ணுங்கன்னாங்க.

சென்னையில பெரிய ஆஸ்பத்திரி. அங்க வெவரமா சொன்னாங்க. இது பரம்பரையா வர்ற அபூர்வமான நோவாம். ஒடம்ப இழுத்துக் கட்டி வைக்கிற சவ்வு தொளதொளன்னு இருக்குமாம். அதான் கை நீளம், அதான் கண்ணு. இருதயத்துலேர்ந்து கெளம்பற பெரிய ரத்தக் கொழா பலூன் மாதிரி ஊதிக்கினு கீது, வெடிச்சா ஆளே இல்ல. நெஞ்சத் தொறந்து, அத்த வெட்டிப் போட்டு, துணிக் கொழா வெச்சித் தெக்கணும். கூடவே இரும்பு வால்வு.

அம்மா அழுவுது. நைனா கேக்கறாரு, "இன்னா நூல் சார்?"

டாக்டரு முழிக்கறாரு.

"தெக்கறதுக்கு சார். நைலான் மாதிரின்னா வழுக்கும். ஒரு முடிச்சி நிக்காது."

"ஏழு முடிச்சு போடுவோம்ங்க."

"ஏழா?" நைனா என் பக்கம் திரும்பினாரு. "கேட்டியாடா? நீ வலையில ஒண்ணு போட்டுட்டு ஓடற."

ஆபரேஷன் அன்னிக்கி காலைல உள்ள போனவரு, சாயந்திரம் வரைக்கும் சேதியே இல்ல. நான் அம்மாவ சிரிக்க வெக்கப் பாத்தேன். "நைனா நீளத்துக்கு கட்டில் பத்தாதும்மா, கால கதவுக்கு வெளிய நீட்டி வெச்சிருப்பாங்க பாரு." சிரிச்சிது. சிரிச்சிக்கினே என் கைய எடுத்து மடில வெச்சி, விரல ஒண்ணொண்ணா நீட்டிப் பாத்துது. அதுக்கப்புறம் எனக்கு ஜோக்கே வரல.

நைனா பொழச்சி வந்தாரு. இப்போ நெஞ்சுல வால்வு டிக்கு டிக்குன்னு அடிக்கும், கிட்ட உக்காந்தா கேக்கும். "பாம் வருது, ஓடுங்கடா"ம்பேன், தொரத்துவாரு. ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை போடறதால சின்ன கீறல் பட்டாலும் ரத்தம் லேசுல நிக்காது. நண்டு, கெளுத்தி பக்கமே போவக் கூடாது. கரைல உக்காந்து ஊருக்கே கயிறு அளந்து குடுக்கறாரு.

எனக்கும் அந்த நோவு இருக்கான்னு பாக்கச் சொல்லியிருந்தாங்க. அஞ்சு மாசம் டபாய்ச்சேன். ஒரு நாள் வேலைன்னேன், ஒரு நாள் வயித்து வலின்னேன், ஒரு நாள் பஸ்ஸே வரலன்னேன். நைனா சண்டையே போடல. "வாடா, இந்தக் கயிறப் புடி"ன்னாரு. அவரு ஒரு பாகம் விரிச்சி முடிச்சி போட்டாரு. அவரு ஆரம்பிச்ச நுனிலேர்ந்தே நானும் விரிச்சி ஒரு முடிச்சி போட்டேன். ரெண்டு முடிச்சுக்கும் நடுவுல ஒரு வெரல் எடங்கூட இல்ல. அவரு நெஞ்சுல டிக்கு டிக்குன்னு மட்டும் கேட்டுது.

மறுநாள் காலைல பஸ் ஏறிட்டேன்.

எனக்கும் கீது. கொழா லேசா ஊதியிருக்குது. இப்போ ஆபரேஷன் வேணாம், மாத்திரை போட்டுக்கினு வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணும். வெயிட்டு மட்டும் தூக்கவே கூடாது.

பஸ்ஸ விட்டு எறங்கி நேரா கரைக்குப் போனேன். கூட்டாளி எஞ்சினக் கழில கட்டி வெச்சிட்டு, இன்னொரு தோளுக்காக நின்னுக்கினு இருந்தான். எல்லாத்தையும் சொன்னேன்.

"மச்சான், இனிமே உன்கூட எஞ்சின் தூக்க முடியாதுடா."

என் ரெண்டு கையையும் மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தான். மூக்க உறிஞ்சினான்.

"இதுவரைக்கும் நீ எப்போடா தூக்குன?"