கிள்ளானில் மஞ்சள் கரிசலாங்கண்ணி தேடிய கதை

காலை எட்டு மணி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு தோசையை உள்ளே தள்ளிவிட்டு, கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமூட்டர் ரயிலைப் பிடித்தேன். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெட்டாலிங் ஜெயா தாண்டியதும் தண்டவாளத்து ஓரமெல்லாம் மஞ்சள் பூக்கள், சூரியகாந்தியைச் சட்டைப் பொத்தான் அளவுக்குக் குறுக்கியதுபோல. மஞ்சள் கரிசலாங்கண்ணியேதான் என்று குதூகலித்துச் செல்விக்குப் படம் அனுப்பினேன்.

செல்வி கிள்ளான்காரி, மதுரையில் என்னோடு கல்லூரியில் படித்தவள். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, உதிர்ந்த முடி இப்போதுதான் அரும்புகிறது. கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொடு என்பது அவள் எனக்கு இட்ட ஒரே வேலை.

ஒன்பதரைக்கு ஸ்டேஷன் வாசலில் ஒரு பை நிறைய இலையோடு நின்றாள்.

"பக்கத்து வீட்டு ஆன்டி வேலியில பறிச்சேன். இங்க எல்லாரும் இதைத்தான் கரிசலாங்கண்ணிங்கிறாங்க லா."

ஓர் இலையை விரித்துப் பார்த்தேன். மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. என் குதூகலம் அத்தோடு சரி. நம் கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடலே கிடையாது. இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட கொடி. பூ மட்டும் அதே ஜாடை.

"அப்ப இது வேணாமா?"

"உன் தலையில தேய்க்க எனக்குத் தைரியம் இல்லடி."

இரண்டு வெள்ளிக்கு ஆளுக்கொரு தே தாரே, நம்மூர் ஆற்றிய டீதான், குடித்துவிட்டுத் தேடக் கிளம்பினோம். மஞ்சளாக எதைக் கண்டாலும் செல்வி ஓடினாள். போன இடமெல்லாம் மூன்று மடல். களைத்துப்போவாளோ என்று எனக்குத்தான் பயம். அவளோ சிரித்துக்கொண்டே இருந்தாள். உச்சிவேளையில், ஒரு வரிசை வீடுகளின் பின்னால், கால்வாய் ஓரத்து ஈரப் புல்லில் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"இங்க வா. இது மடல் இல்லாம இருக்கு."

சொரசொரப்பான நீள இலை, வெளிர் மஞ்சள் பூ. அசல் அதுவேதான். சாண் நீளத்துக்கு ஒரே ஒரு கொடி. காய்ச்சினால் ஒரு கரண்டி எண்ணெய்கூடத் தேறாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பறிக்காதடி. வேரோட ஒரு கணு மட்டும் எடு, தொட்டியில வைக்கிறேன். எனக்கும் இப்பதானே வளருது, ரெண்டும் சேர்ந்து வளரட்டும்," என்றாள் செல்வி.

தலையிலிருந்த பருத்தித் தொப்பியைக் கழற்றி, ஈர மண்ணோடு கணுவை அதில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வெளியே அவள் தொப்பியைக் கழற்றுவது இதுதான் முதல் தடவையாம். ஸ்டேஷன்வரை வெறுந்தலையோடு கூட வந்தாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பார்த்தா பார்க்கட்டும் லா," என்றாள்.

மதுரையில் இதே கீரையைக் கட்டுக் கட்டாக வாங்கிப் பொரியல் செய்திருக்கிறேன். ஒரு கணுவுக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.