வாயிலில் நிற்கும் வில்வீரன்

அந்தக் கணினி விளையாட்டு முழுவதும் பிரெஞ்சு மொழியில் இருந்தது. என் நண்பனுக்குப் பாரீசில் வாழும் அவன் சித்தப்பா அனுப்பிய குறுந்தகடு அது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவனுக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் வாதாடிப் பேச வராது. ஆகவே கல்லூரி முடிந்த பிற்பகல்களில் முதலியார்பேட்டையிலிருந்து மிதிவண்டியில் நெல்லித்தோப்புக்குப் போய் அவனருகே அமர்வேன். திரையில் தோன்றும் உரையாடலை அவன் தமிழில் சொல்வான். எந்த மறுமொழியைத் தருவது என்பதை நான் தீர்மானிப்பேன். அவன் விரல் அதை அழுத்தும்.

எதிரணியின் வாதத்தை அதன் சொற்களாலேயே முறிக்கப் பயின்றவன் நான். பேச்சுப் போட்டிகளில் வென்ற கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் இடமின்றி நின்றன. எனவே விளையாட்டில் எங்கள் நாயகன் வளரும்போதெல்லாம் கிடைத்த வலிமைப் புள்ளிகளில் ஒன்றைக்கூட வாளுக்கோ மந்திரத்துக்கோ தராமல், எல்லாவற்றையும் நாவன்மைக்கே கொடுத்தேன்.

அரக்கர்களும் பறக்கும் பாம்புகளும் எனக்கு ஒரு பொருட்டல்ல. என்னைப் பிடித்து இருத்தியது அந்த விளையாட்டின் நினைவாற்றல். முதல் ஊரில் ஒரு படகோட்டியிடம் விளையாட்டாகச் சொன்ன பொய், வெகுதூரம் கடந்து வேறோர் ஊரில் ஒரு கதவை அடைத்தது. அங்கே காவல் நின்றவன் அந்தப் படகோட்டியின் அண்ணன். மேடையில் சொன்னது கைதட்டலோடு முடிந்துபோகும். இங்கே சொன்ன சொல் எங்கோ உயிரோடு காத்திருந்தது. அந்த அச்சத்தை எந்த மேடையும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. ஒரே காட்டைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். நாயகனின் பை நிறைந்துவிட்டால் அவன் கால் நகராது. சண்டைகள் சலிப்பூட்டும் அளவுக்கு நீளும். நடுவில் மின்சாரம் போனால் பிற்பகல் முழுதும் உழைத்தது அழிந்துவிடும். ஆனால் எனக்கு ஆறாத சினம் அந்த நான்கு வரிகளின் மீதுதான். எத்தகைய அவையில் நின்றாலும் நான்கே மறுமொழிகள் தரப்படும். நான் சொல்ல விரும்பியது அவற்றுள் ஒருபோதும் இராது.

நாவுக்கே எல்லாம் செலவிட்டதால் எங்கள் நாயகனுக்கு வாள் தூக்கவும் வலுவில்லை. உடன் வந்த இளம் வில்வீரன்தான் ஒவ்வொரு சண்டையிலும் முன்னால் நின்று அடி வாங்குவான். "நீ பேசறே, அவன் சாகறான்" என்று நண்பன் கேலி செய்வான்.

மழைக்காலத்தில் கருங்கோட்டையின் வாயிலை அடைந்தோம். யாரேனும் ஒருவர் முதலில் உள்ளே போக வேண்டும். வில்வீரனைத் தடுக்கும் வரியை அழுத்தச் சொன்னேன். அப்படியும் வில்வீரன் போனான், திரும்பவில்லை. சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கி, அதட்டும் வரி, கெஞ்சும் வரி, பொய் சொல்லும் வரி என எல்லாவற்றையும் முயன்றோம். ஒவ்வொரு முறையும் அவன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு இருட்டுக்குள் நடந்தான். கதவு மூடும் ஓசை மட்டும் மாறவேயில்லை.

"நீ என்ன பேசினாலும் அவன்தான்டா போறான்" என்றான் நண்பன். அவன் சிரிக்கவில்லை.

பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே விஷயத்தைச் சொன்னான். அவர்களுடையது பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். தாத்தாவும் அப்பாவும் அந்த நாட்டுப் படையில் இருந்தவர்கள்; அத்தகையவரை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பொங்கல் முடிந்ததும் அவனும் படையில் சேர வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அவனுக்கோ துப்பாக்கியைத் தொடவே விருப்பமில்லை.

"எங்கப்பாகிட்ட நீ பேசேன்டா. உனக்குத்தான் வருமே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் கூடத்தில் நின்று பேசினேன். மகனின் இயல்பை எடுத்துச் சொன்னேன். வேறு வழிகளை வரிசைப்படுத்தினேன். தாயின் தனிமையில் கொண்டுபோய் முடித்தேன். அவன் அப்பா ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. அந்த அமைதியை நான் அறிவேன். வெல்லப்போகும் பேச்சுக்கு அவை தரும் அமைதி அது என்று எண்ணினேன்.

"நல்லா பேசறேப்பா" என்றார். "ஆனா இதை ஏன் நீ பேசறே?" மகன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

நண்பன் என்னைப் பார்த்தான். எந்த வரியை அழுத்துவது என்று நான் சொல்வதற்காகக் காத்திருக்கும் அதே பார்வை. என்னிடம் வரி இல்லை.

"போறேம்பா" என்றான்.

புறப்படும் முன் கணினிப் பெட்டியை எனக்குத் தந்தான். மிதிவண்டியின் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதலில் வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்தான். பிறகு அழைப்புகள் குறைந்தன. கடைசியாகப் பேசியபோது, வேறொரு நாட்டுக்கு அனுப்பப் போவதாகவும், எந்த நாடு என்று சொல்ல அனுமதி இல்லை என்றும் சொன்னான். விளையாட்டை முடித்துவிட்டேனா என்று கேட்டான். இல்லை என்றேன். அதன்பின் இன்னும் அழைப்பு வரவில்லை.

சில பிற்பகல்களில் அந்தப் பெட்டியை இயக்குகிறேன். கோட்டை வாயிலில் வில்வீரன் என் பக்கம் திரும்பி, என் சொல்லுக்காகக் காத்து நிற்கிறான். கீழே எனக்கு வாசிக்கத் தெரியாத நான்கு வரிகள். எதை அழுத்தினாலும் நடந்துவிடுவான், அழுத்தாதவரை நிற்கிறான். மின்சாரம் போகும்வரை இருவரும் அப்படியே இருக்கிறோம்.