மணி படாத இடத்து ரத்தக்கட்டு

பிளம் ரன் மெதடிஸ்ட் தேவாலயத்தின் கைமணிக் குழுவில் பெரிய மணிகள் நான்கும் வெர்லீன் ஸ்டாம்பருக்கு உரியவை. இதை யாரும் காகிதத்தில் எழுதி வைக்கவில்லை. எழுதித் தரச் சொல்லிக் கேட்கும் துணிச்சலும் யாருக்கும் கிடையாது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னிருக்கையில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியிலேயே கண்டுபிடித்தவள். இன்றைக்கு ஊரில் கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிற பெரிய மனிதர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவள் கண் பார்வைக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான்.

அந்த மணிகளில் ஆகப் பெரியது பிறந்த குழந்தையின் எடை இருக்கும். வெள்ளைக் கையுறை மாட்டி, பிடியை இறுக்கி, வட்டமாக வீசி அடிக்க வேண்டும். பிறகு சரியான தாளத்தில் தோளோடு அணைத்துச் சத்தத்தை அடக்க வேண்டும். அடிப்பதை எவரும் செய்துவிடலாம், அடக்குவதில்தான் ஆள் யாரென்று தெரியும் என்பது வெர்லீனின் கட்சி. பேருந்து ஓட்டியவளாயிற்றே, கிளப்புவதைவிட நிறுத்துவதில்தான் அவளுக்குப் பெருமை.

எழுபத்திரண்டாவது வயதில் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது கட்டைவிரல். இரண்டு கட்டைவிரல்களின் அடிமூட்டுகளும் தேய்ந்துவிட்டன. ஊறுகாய்ப் புட்டியைத் திறக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற நிலை. மற்றவர்களானால் கடையில் விற்கிற வலி மாத்திரையில் இரண்டை விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வெர்லீனுக்கு அதுவும் விலக்கு. இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று எட்டு வருடமாக ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாள். அதோடு அந்த மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்ன ஒரே ஒரு மாத்திரையோ அவள் வலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எண் உண்டு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற எண். இரண்டுக்குக் குறைந்தால் கட்டி அடைக்கலாம், மூன்றைத் தாண்டினால் ரத்தம் கசியலாம். வெர்லீனின் எண் வருடக்கணக்காக இரண்டரைக்குப் பக்கத்திலேயே நின்றது. கீரை கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் ஆடும் என்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு கோப்பை டர்னிப் கீரை, ஒரு கரண்டி கூடாது குறையாது என்று சாப்பிட்டாள். தேவாலயச் சாப்பாட்டு மேஜையில் மற்றக் கிழவிகள் பேரப்பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வார்கள், இவள் தன் எண்ணைச் சொல்வாள். அவ்வளவு ஒழுங்காக இருந்ததால்தான் மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று விட்டிருந்தார்கள்.

விரலில் குத்தி அந்த எண்ணைப் பார்க்கிறவள் டார்லா ஃபுகேட் என்கிற நர்ஸ். ஐம்பத்து நாலு வயது, வாட்டசாட்டமான உடம்பு, கட்டைவிரலில் ஒரு குறையும் இல்லை. புதன்கிழமை மாலையில் இதே டார்லா கைமணிக் குழுவில் வெர்லீனுக்கு இடப்பக்கம் நின்று நடுத்தர மணிகளை அடிப்பாள். அடிக்கும்போது அவள் கண் ஒன்று இசைத்தாளில் இருக்கும், மற்றது பெரிய மணிகளின் மேல் இருக்கும். பதினோரு வருடமாக இப்படித்தான்.

ஜனவரிக் கடைசியில் ஒத்திகையின் நடுவே வெர்லீன் மணியைக் கீழே போட்டாள். போட்டது மெத்தை விரித்த மேஜையில்தான், மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழுவை நடத்துகிற வெண்டல் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "ஈஸ்டருக்கு என்ன பண்ணலாம்னு யோசிப்போம்" என்றார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்த "யோசிப்போம்" நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

இறந்துபோன கணவனின் தம்பி எர்வின் பக்கத்துப் பண்ணையில் இருக்கிறான். புகையிலை போட்ட நிலத்தில் இப்போது ஹெம்ப் போடுகிறான். கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஆனால் போதை கிடையாது. அதிலிருந்து சி.பி.டி. எண்ணெய் எடுத்து மூட்டுவலிக்கு விற்கிறான். நான்கு வருடத்துக்கு முன் நன்றி நாள் விருந்தில், அத்தனை சொந்தக்காரர்களும் மேஜையில் இருந்த வறுத்த வான்கோழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவனைக் கஞ்சாக்காரன் என்று சொன்னவள் வெர்லீன். இப்போது அவன் கொட்டகை வாசலில் போய் நின்றாள்.

"என்ன வெர்லீன், வழி தவறி வந்துட்டியா?" என்றான் எர்வின்.

"கிண்டல் பண்ணாதடா. அந்த எண்ணெய்ல ஒரு புட்டி குடு."

"எந்த எண்ணெய்? கஞ்சாக்காரன் கிட்ட என்ன எண்ணெய் இருக்கும்?"

"எர்வின், உன் அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் குடுத்திருப்பான்."

"அவன் இருந்திருந்தா நீ அவனைத்தான் அனுப்பியிருப்ப." சிரித்துக்கொண்டே புட்டியைக் கையில் வைத்தான். "நாக்குக்கு அடியில காலையில அரை துளிக்குழாய், சாயங்காலம் அரை. நீ வேற ரத்த மாத்திரை சாப்பிடுற. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. சொல்வதென்றால் டார்லாவிடம் சொல்ல வேண்டும். வலிக்கு எண்ணெய் எடுக்கிறேன் என்றால் கட்டைவிரல் போய்விட்டது என்று அர்த்தம். அதை டார்லாவிடம் சொல்வதும் மணிகளைத் துணியில் சுற்றி அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவதும் ஒன்றுதான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மருத்துவமனை கொடுத்த தாள் ஒட்டியிருந்தது. புதிதாக மருந்து, மூலிகை, எண்ணெய் எது எடுத்தாலும் உடனே தெரிவிக்கவும் என்று அதில் ஒரு வரி. வெர்லீன் சேவல் படம் போட்ட காந்தத்தை நகர்த்தி அந்த வரியின் மேல் வைத்தாள். அப்புறம் அந்த வரி அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

எண்ணெய் வேலை செய்தது. பத்தே நாளில் ஊறுகாய்ப் புட்டி திறந்தது. அரை துளிக்குழாய் நன்றாக இருந்தால் முழுசு இன்னும் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள். முழுசும் நன்றாகத்தான் இருந்தது. மார்ச் மாதம் முழுக்க அவள் மணி அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெண்டல் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் தோளில் ரத்தக்கட்டு வந்தது. முதலில் ஒரு காசு அளவு, பிறகு உள்ளங்கை அளவு, இரண்டு தோளிலும் கத்தரிக்காய் நிறத்தில். வேறு எந்தக் கூட்டத்திலும் இதைப் பார்த்தவுடன் மருத்துவரிடம் ஓடச் சொல்லியிருப்பார்கள். இது கைமணிக் குழு. பெரிய மணியைத் தோளில் அணைத்து அணைத்துக் கன்றிப்போவது இவர்களுக்குள் பட்டாளத்துக்காரன் தழும்பு மாதிரி. சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டி ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவார்கள். வெர்லீனும் காட்டினாள். குழுவே சுற்றி நின்று மெச்சியது.

டார்லாவும் குனிந்து பார்த்தாள். "பெரிய மணின்னா சும்மாவா, மிஸ் வெர்லீன்" என்றாள். வயதில் மூத்தவளை அந்த ஊரில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உள்ள ஒரு துண்டை மடிச்சு வச்சுக்கங்க. இல்ல, கஷ்டமா இருந்தா சொல்லுங்க, நான் இருக்கேன்."

"நீ இருக்கேன்னு எனக்கு நல்லாத் தெரியும்மா" என்றாள் வெர்லீன்.

ஈஸ்டருக்கு ஆறு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலை, குளித்துவிட்டுத் திரும்பியவள் கண்ணாடியில் தன் பின்தொடையைப் பார்த்தாள். அங்கே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. முந்தின நாள் தேவாலயத்தில் பெஞ்சின் விளிம்பில் லேசாக இடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. லேசாகத்தான். கைமணிக் கலையில் அவள் கண்டறியாத உத்தி இல்லை, ஆனால் பின்தொடையில் மணியை அடக்குகிற உத்தி எதுவும் கிடையாது. பல் துலக்கித் துப்பினபோது தொட்டி சிவந்தது.

வெர்லீன் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பயமாக இருந்தது. ஆறு நாள்தானே, ஈஸ்டர் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. எண்ணெயைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம் என்று இன்னொன்று சொன்னது. நிறுத்தினால் வலி வரும், வலி வந்தால் மணி விழும். ஒருமுறை பிரேக் விளக்கு எரிகிறதென்று அறுபது பிள்ளைகளையும் நடுச்சாலையில் நிறுத்தி வைத்து, பள்ளி மேலாளர் எவ்வளவு கத்தியும் வண்டியைக் கிளப்ப மறுத்தவள் அவள். அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிய மரியாதையில் கால்வாசியாவது தன் உடம்புக்குக் காட்ட வேண்டாமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பிறகு உடை மாற்றிக்கொண்டு காரை எடுத்தாள்.

டார்லா அவளைப் பார்த்ததும் நாட்காட்டியைப் பார்த்தாள். "உங்களுக்கு அடுத்த மாசந்தானே?"

"கதவைச் சாத்து" என்றாள் வெர்லீன். எண்ணெய்ப் புட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். "ஏழு வாரமா குடிக்கிறேன். கட்டைவிரல் ரெண்டும் போச்சு. இதில்லாம என்னால மணியைத் தூக்க முடியாது. இப்ப உனக்குச் சந்தோஷமா?"

டார்லா அவள் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். விரலில் குத்தி, துளியைக் கருவியில் வைத்தாள். திரையைப் பார்த்தவள் முகம் வெளுத்தது.

"ஆறு புள்ளி ஒண்ணு" என்றாள்.

"அவ்வளவா?"

"இந்த எண்ணெயும் உங்க மாத்திரையும் கல்லீரல்ல ஒரே வழியாத்தான் வெளிய போகணும், மிஸ் வெர்லீன். எண்ணெய் வழியை மறிச்சா மாத்திரை உள்ளயே தேங்கிடும். நீங்க ஒரு மாத்திரை சாப்பிட்டா உடம்புல ரெண்டு மாத்திரை வேலை பார்க்கும். வழுக்கி விழுந்து தலையில அடிபட்டிருந்தா..." நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "மூணு வாரமா உங்க தோளைப் பார்த்துக்கிட்டிருக்கேன். நான் நர்ஸு. வேற யாரு தோளா இருந்தாலும் அன்னிக்கே ரத்தம் பார்க்க ஊசியோட வந்திருப்பேன். உங்களுக்கு முடியாமப் போனா மணி எனக்கு வரும்னு நினைச்சேனே தவிர, உங்க ரத்தத்தைப் பத்தி நான் நினைக்கல. துண்டை மடிச்சு வைங்கன்னு சொன்னேன். வெக்கமா இருக்கு."

வெர்லீன் என்னென்னவோ திட்டுகளைத் தயாராக வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "நானும் மறைச்சேனே" என்று மட்டும் சொன்னாள்.

மருத்துவர் வந்து பார்த்தார். இரண்டு நாள் வார்ஃபரின் நிறுத்தம். எண்ணெயை அடியோடு விடலாம். இல்லையென்றால் பழைய அரை துளிக்குழாய் அளவில், தினமும் ஒரே நேரத்தில், கூட்டாமல் குறைக்காமல் எடுக்கலாம். வார்ஃபரினைக் குறைத்து வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். வெர்லீன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிலையாக நிற்கிறவரை கனமான எதையும் தோளில் மோதக்கூடாது என்றும் அவர் சொன்னார். எதைச் சொல்கிறார் என்று அறையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

ஈஸ்டர் காலையில் பெரிய மணிகளை டார்லா அடித்தாள். வெர்லீன் மூன்றாவது வரிசையில், இளமஞ்சள் தொப்பியில், தப்பைக் கண்டுபிடிக்கவே வந்தவள் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு தப்பு கிடைத்தது, அதுவும் சின்னது. மற்றபடி டார்லா அடக்கிய இடமெல்லாம் கச்சிதம். வெளியே புல்வெளியில் கைகுலுக்கும்போது, "நல்லாத்தான் அடிச்ச" என்றாள் வெர்லீன். தன் பல்லையே பிடுங்கிக் கொடுத்தது போல இருந்தது வெர்லீனுக்கு.

அதற்குப் பிறகு ஐந்து செவ்வாய்க்கிழமைகள் விரலை நீட்டினாள். முதல் நான்கில் நாலு புள்ளி மூன்று, மூன்று புள்ளி ஆறு, மூன்று புள்ளி ஒன்று, இரண்டு புள்ளி எட்டு. மே மாதக் கடைசியில் மாநிலக் கைமணி விழா வரவிருந்தது. எட்டு ஊர்க் குழுக்கள் ஒரே மேடையில் அடிக்கிற விழா. ஐந்தாவது செவ்வாயன்று எண் சரியாக இருந்தால் மணி வெர்லீனுக்கு, இல்லாவிட்டால் டார்லாவுக்கு என்று வெண்டல் சொல்லிவிட்டார். கருவியின் திரை எப்போதும் டார்லாவின் பக்கம்தான் திரும்பியிருக்கும். மூன்று புள்ளி இரண்டு என்று அவள் சொன்னால் கேட்பதற்கு ஆளில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று தேன் தடவிச் சொல்லியிருக்கலாம். கேட்டுக்கொள்வதைத் தவிர வெர்லீனுக்கு வேறு வழி இருந்திருக்காது.

டார்லா திரையைப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். வெர்லீன் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு புள்ளி அஞ்சு" என்றாள் டார்லா. "நாளைக்கு ஒத்திகைக்கு வாங்க, மிஸ் வெர்லீன். மணியெல்லாம் துடைச்சு வச்சிருக்கேன்."

வெர்லீன் எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, குத்தின விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "நாலையும் என்னால இனிமே தூக்க முடியாது" என்றாள். "பெரிசு ரெண்டை நீ எடுத்துக்க."

டார்லா கருவியைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்தாள். "எது பெரிசுன்னு அங்க வந்து சண்டை போடலாம்" என்றாள்.